டாக்டர் பதில்கள்: குடல் பாக்டீரியாவும் புற்றுநோயும்

சென்ற இதழில், குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் சுரக்கும் நச்சுக்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பலவும் ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன: "நாங்கள் என்ன தவறு செய்தோம்?" ஆகவே இந்த முறை மற்ற நோய்களை ஒத்திவைத்துவிட்டு இந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 38. புகை, மது இரண்டும் இல்லை. தவறாமல் உடற்பயிற்சி செய்பவர். பெருங்குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் "அப்படி என்னதான் சாப்பிட்டார்?" என்று கேட்கிறார்கள். சிறு வயதிலேயே குடலுக்குள் வந்த பாக்டீரியா காரணமாக இருக்கலாம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து என் மாமியார் அழுதுகொண்டே இருக்கிறார். தான் பிள்ளையைச் சரியாக வளர்க்கவில்லையாம். உண்மையில் அதுதான் காரணமா, டாக்டர்?
*– ஒரு வாசகி*

பதில்: முதலில் இந்தப் பதிலை உங்கள் மாமியாருக்குப் படித்துக் காட்டுங்கள். அம்மா, உங்கள் மகனுக்கு வந்த நோய்க்கு நீங்கள் காரணம் இல்லை. நீங்கள் கொடுத்த எந்த உணவும், கொடுக்கத் தவறிய எந்த உணவும் காரணம் இல்லை. நான் எழுதியது உங்களை அழ வைத்திருக்கிறது என்பதால் இன்னும் விரிவாகவே சொல்கிறேன்.

ஈ.கோலை என்ற பாக்டீரியா நம் எல்லோருடைய குடலிலும் பிறந்த சில நாட்களிலேயே குடியேறிவிடுகிறது. பெரும்பாலும் தொல்லை தராது. ஆனால் அதன் சில வகைகளிடம் கோலிபாக்டின் என்ற நச்சைத் தயாரிக்கும் மரபணுத் தொகுப்பு இருக்கிறது. இதைப் பிரெஞ்சு விஞ்ஞானிகள் 2006-இல் வெளியிட்டார்கள். இந்த நச்சு, டிஎன்ஏயின் இரண்டு இழைகளையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடும். பிணைந்த இழைகளைப் பிரித்துச் சரிசெய்ய செல் முயல்கிறது. பெரும்பாலும் வெற்றி பெறுகிறது. சில இடங்களில் பிழை தங்கிவிடுகிறது.

அந்தப் பிழைக்கு ஒரு தனி அடையாளம் உண்டு என்பதை 2020-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் உள்ள ஹூப்ரெக்ட் ஆய்வு நிறுவனத்தினர் காட்டினார்கள். அவர்கள் செய்த சோதனையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மனிதக் குடல் செல்களைக் கிண்ணத்தில் வளர்த்து, நடுவே வெற்றிடம் உள்ள மிகச் சிறு உருண்டைகளாக ஆக்கினார்கள். அந்த வெற்றிடத்துக்குள் நச்சு தயாரிக்கும் பாக்டீரியாவை நுண்ணிய ஊசியால் செலுத்தினார்கள். சில நாட்கள் விட்டு, பாக்டீரியாவைக் கொன்று, செல்களை வளரவிட்டு, மறுபடியும் செலுத்தினார்கள். இப்படியே 5 மாதம். பிறகு டிஎன்ஏயை முழுதாக வாசித்தபோது, டிஎன்ஏயின் நான்கு எழுத்துகளில் ஒன்றான அடினின் அடுத்தடுத்து வரும் குறிப்பிட்ட இடங்களில் ஒரே மாதிரியான மாற்றங்கள் இருந்தன. நச்சு தயாரிக்கும் திறன் நீக்கப்பட்ட அதே பாக்டீரியாவைச் செலுத்திய உருண்டைகளில் அவை இல்லை. அந்தக் கைரேகை, நோயாளிகள் சிலரின் புற்றுக்கட்டிகளிலும் அப்படியே இருந்தது.

2025 ஏப்ரலில் வந்த ஆய்வுதான் உங்கள் வீட்டைக் கலங்க வைத்தது. 11 நாடுகளைச் சேர்ந்த 981 நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்ததில், 40 வயதுக்குள் நோய் வந்தவர்களிடம் இந்த அடையாளம், 70 வயதுக்கு மேல் வந்தவர்களைவிட 3.3 மடங்கு அதிகமாக இருந்தது. மாற்றங்கள் எந்த வரிசையில் சேர்ந்தன என்று கணக்கிட்டால், வாழ்வின் முதல் 10 ஆண்டுகளில் பதிந்தவை என்று தெரிகிறது.

இதோடு நிறுத்திவிட்டால் எந்தத் தாய்க்கும் அழுகை வரும். ஆனால் 2019-இல் வந்த இன்னொரு ஆய்வு இருக்கிறது. புற்றுநோயே இல்லாத குடல் திசுவை நுணுக்கமாக வாசித்தபோது, அதிலும் பலரிடம் இதே அடையாளம் இருந்தது. அதுவும் சிறு வயதிலேயே பதிந்திருந்தது. அப்படியானால் இந்தத் தழும்போடு நடமாடுபவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் வரப்போவதில்லை. ஒரு செல் புற்றாக மாற, ஒன்றன்பின் ஒன்றாகப் பல மரபணுக்கள் கெட வேண்டும். சிறு வயதில் ஒன்று கெட்டிருந்தால் அந்த வரிசை பல ஆண்டுகள் முன்னதாகத் தொடங்குகிறது, அவ்வளவே. அந்தப் பாக்டீரியா வராமல் பிள்ளையை வளர்க்கும் வழி எந்தத் தாய்க்கும் தெரியாது. எந்த மருத்துவருக்கும் தெரியாது.

"என்ன சாப்பிட்டார்?" என்று கேட்கிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. நோயாளியின் கட்டிலருகே நின்று கேட்கக் கூடாத கேள்வி அது. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

உங்கள் கணவருக்கு இப்போது முக்கியமான விஷயம் வேறு. 38 வயதிலேயே வந்திருப்பதால், பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும், பரம்பரையாக வரும் லிஞ்ச் நோய்க்குறிக்கான சோதனை அவருடைய கட்டியில் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். அது மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும். உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் எப்போது சோதனைக்கு வர வேண்டும் என்பதையும் சொல்லும்.

கேள்வி: எனக்குள் அந்த நச்சு பாக்டீரியா இருக்கிறதா என்று சோதித்து, ஆன்டிபயாடிக் சாப்பிட்டு அழித்துவிடலாமா? புரோபயாடிக் மாத்திரை உதவுமா?
*– 29 வயது வாசகர்*

பதில்: வேண்டாம், தம்பி. நலமாக இருப்பவர்களிலேயே ஏறத்தாழ 5 பேரில் ஒருவரிடம் அந்த வகை ஈ.கோலை இருக்கிறது. இருக்கிறது என்று தெரிந்தாலும், அதை மட்டும் தேர்ந்தெடுத்து நீக்கும் மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக் நல்லது கெட்டது பார்க்காமல் கொல்லும். ஸ்வீடனில் லட்சக்கணக்கானோரின் மருந்துப் பதிவுகளை ஆராய்ந்தபோது, நீண்ட காலம் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்குப் பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்றுநோய் அபாயம் ஓரளவு கூடியிருந்தது.

புரோபயாடிக் விஷயத்தில் ஒரு தகவல் உங்களுக்கு வியப்பாக இருக்கும். நிஸ்லே 1917 என்ற ஈ.கோலை வகை நெடுங்காலமாகக் குடல் நோய்களுக்கு மருந்தாகக் கொடுக்கப்படுகிறது. கோலிபாக்டின் தயாரிக்கும் மரபணுத் தொகுப்பு அதனிடமும் இருக்கிறது. அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் டப்பாவில் "நல்ல பாக்டீரியா" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி மாதக்கணக்கில் விழுங்க வேண்டாம்.

கேள்வி: எல்லாம் சிறு வயதிலேயே தீர்மானமாகிவிட்டது என்றால், இப்போது உணவைக் கவனித்து என்ன பயன்?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்*

பதில்: ஐயா, எல்லாம் தீர்மானமாகிவிடவில்லை. கோலிபாக்டின் நிலையற்ற பொருள். பாக்டீரியாவிலிருந்து வெளியே வந்து வெகுதூரம் பயணம் செய்யும் ஆற்றல் அதற்கு இல்லை. பாக்டீரியா குடல் செல்லுக்கு மிக அருகே வந்தால்தான் தீங்கு நடக்கும். அப்படி வரவிடாமல் தடுப்பது குடலின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலம். நார்ச்சத்தை நம் உடலால் செரிக்க முடியாது. குடல் பாக்டீரியாக்கள்தான் அதைச் சாப்பிடுகின்றன. சாப்பிட்டுவிட்டு பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடல் செல்களுக்கு முதன்மையான எரிபொருள் அதுதான். நார் கிடைக்காதபோது சில பாக்டீரியாக்கள் சளிப்படலத்தையே தின்னத் தொடங்குகின்றன. எலிகளில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்: நார் குறைந்த உணவு கொடுத்தால் படலம் மெலிந்து, பாக்டீரியா சுவரை நெருங்கிவிடுகிறது.

டொரான்டோ பல்கலைக்கழகத்தினர் 2025-இல் இதற்கு அடுத்த படியைக் காட்டினார்கள். மாவுச்சத்தும் நார்ச்சத்தும் குறைந்த உணவு கொடுத்த எலிகளில், கோலிபாக்டின் தயாரிக்கும் பாக்டீரியாவும் இருந்தால், பாலிப் எனப்படும் சதை வளர்ச்சிகள் அதிகமாயின. அதே உணவில் நார்ச்சத்தைச் சேர்த்தபோது குறைந்தன. எலியில் நடந்தது மனிதரிலும் நடக்கும் என்று உறுதி சொல்லக் கூடாது. ஆனால் நச்சு வேறு, உணவு வேறு என்று பிரித்துப் பார்த்த காலம் போய்விட்டது என்பது என் எண்ணம். பருப்பு, பயறு, முழுத்தானியம், காய், பழம் எல்லாம் பழைய அறிவுரைதான். அதற்குப் பின்னால் இருக்கும் காரணம்தான் இப்போது தெளிவாகிக்கொண்டு வருகிறது.

கேள்வி: இறைச்சியை அறவே விட வேண்டுமா? மது?
*– ஒரு வாசகர்*

பதில்: பதப்படுத்திய இறைச்சி – சாசேஜ், பேக்கன், ஹாம் போன்றவை – புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் வகைப்படுத்தியது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் அபாயம் 18 சதவீதம் கூடும். இந்த எண்ணைப் பார்த்து மிரளாதீர்கள். வாழ்நாளில் 100 பேரில் 5 பேருக்கு இந்த நோய் வரும் என்று வைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ 6 பேராகும். ஆடு, மாடு, பன்றி இறைச்சி அதற்கு அடுத்த படியில், "வாய்ப்பு உண்டு" என்ற பட்டியலில் இருக்கின்றன. அளவாக இருக்கட்டும். மதுவுக்கு மட்டும் நான் அளவு சொல்வதில்லை. அதை அசிட்டால்டிஹைடாக மாற்றும் வேலையைக் குடல் பாக்டீரியாக்களும் செய்கின்றன. அந்தப் பொருளும் டிஎன்ஏயைக் கெடுப்பதுதான்.

கேள்வி: மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடித்துவிட்டேன். வயது 57. வீட்டில் என்னை ஒரு டம்ளர்கூடத் தூக்க விடுவதில்லை. "உடம்பு தேறட்டும், படுத்திருங்கள்" என்கிறார்கள். நடக்கலாமா?
*– ஒரு வாசகி*

பதில்: நடக்க வேண்டும், அம்மா. இந்த இதழில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் உங்கள் வீட்டார் இதைப் படிக்கட்டும்.

உடற்பயிற்சி செய்யும் நோயாளிகள் அதிக நாள் வாழ்கிறார்கள் என்பது முன்பே தெரியும். ஆனால் அதில் ஒரு சந்தேகம் இருந்தது: உடல் நன்றாக இருப்பவர்கள்தானே நடக்கிறார்கள், நடையால் ஆயுள் கூடியதா, ஆயுள் உள்ளவர்கள் நடந்தார்களா? இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரும்பகுதி நடந்த 'சேலஞ்ச்' என்ற ஆய்வில், கீமோதெரபி முடித்த 889 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆரோக்கிய வாழ்வு பற்றிய கையேடு மட்டும். மற்றப் பிரிவுக்கு அதோடு 3 ஆண்டுகள் ஒரு பயிற்சியாளரின் துணை. 2025 ஜூனில் முடிவு வந்தது. 5 ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 80.3 சதவீதம், மற்றதில் 73.9. எட்டாவது ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் 90.3 சதவீதம், மற்றதில் 83.2.

இந்த 7 சதவீத வேறுபாட்டை ஒரு புதிய மருந்து கொடுத்திருந்தால் உலகமே கொண்டாடியிருக்கும். உங்களைப் போன்ற 14 பேர் நடந்தால் ஒருவர் கூடுதலாகப் பிழைக்கிறார் என்று இதற்குப் பொருள்.

எவ்வளவு நடக்க வேண்டும்? வழக்கமாகச் செய்வதோடு கூடுதலாக, வாரத்தில் 3 அல்லது 4 நாள், 45 நிமிடம் முதல் 1 மணி நேரம் வேகமான நடை. வேகம் என்றால், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. முதல் நாளே ஒரு மணி நேரம் என்று இறங்காதீர்கள். 10 நிமிடத்தில் தொடங்கி மாதக்கணக்கில் கூட்டுங்கள். அந்த ஆய்வில் பயிற்சி செய்தவர்களுக்கு மூட்டு, தசை வலி சற்று அதிகமாக வந்தது. அதனால் நல்ல காலணி அவசியம். கீமோவால் பாதம் மரத்துப்போயிருந்தால் சமதளத்தில் மட்டும் நடங்கள். வயிற்றில் தையல் போட்ட இடத்தில் புடைப்பு தெரிந்தாலோ, மலம் வெளியேற வயிற்றில் பொருத்தும் ஸ்டோமா பை இருந்தாலோ, பளு தூக்கும் முன் அறுவை சிகிச்சை நிபுணரைக் கேளுங்கள். நடப்பதற்குப் பெரும்பாலும் தடை இருக்காது.

இன்னொன்று. அந்த ஆய்வில் பலன் தந்ததில் பயிற்சியாளருக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். கையேடு வாங்கியவர்களுக்கும் நடக்க வேண்டும் என்று தெரியும். கூட வருவதற்கு ஆள் இல்லை. உங்களைப் படுக்கச் சொல்லும் அதே உறவினரில் ஒருவரை உங்களோடு நடக்க வரச் சொல்லுங்கள். அவர்களுடைய அன்புக்கு அது நல்ல வேலை.

கேள்வி: சில மாதங்களாக மலத்தில் ரத்தம் வருகிறது. மூலமாகத்தான் இருக்கும் என்று களிம்பு தடவுகிறேன். கொலோனோஸ்கோபி செய்யச் சொல்கிறார்கள். சொல்ல வெட்கம்; எனக்குப் பயமாக இருக்கிறது. வயது 44.
*– பெயர் வேண்டாம்*

பதில்: வெட்கத்தை மீறி எழுதியதற்கு நன்றி. இதையே இன்னும் ஒரு வருடம் கழித்து எழுதுகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். மூலமாகவே இருக்கலாம். ஆனால் மூலம் இருப்பவருக்குப் புற்றுநோய் வராது என்ற விதி இல்லை. இரண்டும் சேர்ந்தே இருந்த நோயாளிகள் உண்டு. ரத்தத்தோடு, காரணம் தெரியாத ரத்தசோகை, விடாத வயிற்றுவலி, வாரக்கணக்கில் மாறிப்போன மலப்பழக்கம், எடை குறைதல் இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. வயது 30 ஆக இருந்தாலும் சரி.

பயத்துக்குப் பதிலாக, உள்ளே நான் பார்ப்பதைச் சொல்கிறேன். முந்தைய நாள் பேதி மருந்து குடித்துக் குடலைக் காலி செய்ய வேண்டும். இந்தச் சோதனையில் மிகச் சிரமமான பகுதி அதுதான், ஒளிக்கவில்லை. மறுநாள் மயக்கம் தரும் ஊசி. விரல் பருமனுள்ள, வளையும் குழாய் ஒன்று உள்ளே போகிறது. திரையில் குடல் இளஞ்சிவப்பாக, ஈரமாக மின்னும். மெல்லிய ரத்தநாளங்கள் கிளைகிளையாகத் தெரியும். நன்றாக இருக்கும் குடல் பார்க்க அழகானது. ஒரு மடிப்பைக் கடக்கும்போது, பின்னால் ஒளிந்திருந்தது போலச் சற்றே சிவந்த ஒரு சிறு சதை, காம்போடு. அதன் மேற்பரப்பில் ரத்தநாளங்களின் கோலம் மாறியிருக்கும். குழாய் வழியே ஒரு கம்பிக் கண்ணியை விட்டு, காம்பைச் சுற்றி இறுக்கி, மெல்ல மின்சாரம் கொடுத்தால் சதை விடுபட்டுவிடும். உங்களுக்கு வலிக்காது. எல்லாப் பாலிப்பும் புற்றாவதில்லை. ஆகக்கூடியது புற்றாக மாறப் பொதுவாக 10 ஆண்டுகள்வரை எடுக்கும். நோயைக் கண்டுபிடிக்கும் சோதனையிலேயே அது வராமலும் தடுத்துவிட முடிவது மருத்துவத்தில் அரிது.

புற்றாகவே இருந்தாலும் நேரம்தான் எல்லாம். குடலோடு நிற்கும் நிலையில் பிடித்தால் 10 பேரில் 9 பேர் 5 ஆண்டுகளைக் கடக்கிறார்கள். கல்லீரல், நுரையீரல் என்று பரவிய பிறகு அந்த எண்ணிக்கை 2-க்கும் கீழே போய்விடுகிறது. களிம்பு இருக்கட்டும், இந்த வாரமே தேதி வாங்குங்கள்.

அறிகுறியே இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை: அமெரிக்காவில் சோதனையைத் தொடங்கும் வயதை 2021-இல் 50-இலிருந்து 45 ஆகக் குறைத்தார்கள். கொலோனோஸ்கோபிதான் என்று இல்லை. வீட்டிலேயே மலத்தைச் சிறிதளவு எடுத்துக் கொடுத்து, கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும் சோதனையும் உண்டு.

கேள்வி: வாயில் வாழும் பாக்டீரியாவும் குடலில் புற்றுநோய் தரும் என்கிறார்களே?
*– கல்லூரி மாணவி*

பதில்: ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் பற்றிக் கேட்கிறீர்கள். ஈறு நோயில் பெருகும் பாக்டீரியா அது. பெருங்குடல் கட்டிகளில் அது அதிகம் இருப்பது 2012-இலேயே தெரியவந்தது. சியாட்டிலில் உள்ள ஃப்ரெட் ஹட்ச் மையத்தினர் 2024-இல், அதில் ஒரு குறிப்பிட்ட கிளைதான் ஏறத்தாழ பாதிக் கட்டிகளில் இருக்கிறது என்றும், வயிற்று அமிலத்தைத் தாங்கும் திறன் அதற்கு உண்டு என்றும் காட்டினார்கள். அது புற்றைத் தொடங்கிவைப்பதைவிட, இருக்கும் கட்டிக்குள் தங்கி, அதை வளரவிட்டு, கீமோவுக்கு அடங்காமல் செய்வதில்தான் அதிகம் ஈடுபடுகிறது என்று தெரிகிறது. கட்டியில் இது நிறைய இருக்கும் நோயாளிகள் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது. பல் துலக்கினால் குடல் புற்று வராது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஈறில் ரத்தம் வந்தால் பல் மருத்துவரைப் பார்க்க வேறு காரணங்களே போதும்.

கேள்வி: ஆஸ்பிரின் தினமும் சாப்பிட்டால் திரும்ப வராதாமே?
*– ஒரு வாசகர்*

பதில்: எல்லோருக்கும் இல்லை. கட்டியில் 'பிஐகே3சிஏ' என்ற மரபணுப் பாதையில் மாற்றம் உள்ளவர்களுக்கு, அறுவை சிகிச்சைக்குப் பின் 3 ஆண்டுகள் தினமும் 160 மில்லிகிராம் கொடுத்ததில் நோய் திரும்புவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என்று 2025-இல் ஸ்கண்டிநேவிய ஆய்வொன்று சொன்னது. லிஞ்ச் நோய்க்குறி உள்ளவர்களுக்கும் பலன் உண்டு. ஆனால் வயிற்றிலோ மூளையிலோ ரத்தக்கசிவு வரலாம். உங்கள் கட்டியின் மரபணு அறிக்கையோடு புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள். நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 46 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்து, 52-இல் இறந்துவிட்டார். எனக்கு இப்போது 33. தொந்தரவு எதுவும் இல்லை. நான் எப்போது சோதனை செய்துகொள்ள வேண்டும்?
*– ஒரு வாசகி*

பதில்: உங்கள் 36-ஆவது வயதில், கொலோனோஸ்கோபி. பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் 40 வயதிலோ, அவருக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்ட வயதுக்கு 10 ஆண்டுகள் முன்னதாகவோ, எது முதலில் வருகிறதோ அப்போது தொடங்க வேண்டும். இறந்த வயதை அல்ல, கண்டுபிடித்த வயதைக் கணக்கில் கொள்ளுங்கள். பலர் இதில்தான் குழம்புகிறார்கள். அதற்குப் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை. 46 என்பது இளம் வயது. ஆகவே மரபணு ஆலோசகர் ஒருவரை இப்போதே பார்ப்பது நல்லது. லிஞ்ச் நோய்க்குறி இருந்தால் சோதனை இன்னும் முன்னதாகவும், ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறையும் தேவைப்படும். அப்பாவின் அறுவை சிகிச்சை அறிக்கையும் பயாப்ஸி அறிக்கையும் வீட்டில் எங்காவது இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.